ரிட்டையராகாத கீப்பர்

மோதிரம் ஏறவில்லை.

தாம்பரம் சர்ச்சில் போதகர் ஜெபப்புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி நிற்கிறார். பாடகர் குழு அடுத்த பாட்டுக்குத் தொண்டையைச் செருமிக்கொள்கிறது. மாப்பிள்ளை தயாளனின் மோதிர விரல் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கி ஒருபக்கமாக வளைந்திருக்கிறது. முந்தின ஞாயிறு மேட்சில் பந்து பட்ட விரல். மணப்பெண் யூனிஸ் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். மறுமுறை தள்ளியபோது மாப்பிள்ளையின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்ல உங்களுக்கு வேற இடமே கெடைக்கலியா?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டுவிட்டு, மோதிரத்தை உருவிச் சுண்டு விரலில் மாட்டிவிட்டாள்.

போதகர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஆமென் சொன்னார். வேறென்ன செய்வார்?

அது 1963. விக்கெட் கீப்பர் என்றால் என்னவென்று அன்றைக்கு யூனிஸுக்குத் தெரியாது. போகப்போகத் தெரிந்துகொண்டாள். ஸ்டம்புக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பேட்ஸ்மேன் விட்ட பந்தையெல்லாம் பிடிக்க வேண்டியவன். நாள் முழுக்கப் பிடித்தாலும் ஒருத்தரும் கை தட்டமாட்டார்கள். ஒன்றைக் கோட்டைவிட்டால் மைதானமே திரும்பிப் பார்க்கும். மட்டையிலும் படாமல் கீப்பர் கையிலும் படாமல் பந்து ஓடிவிட்டால் அதற்கு 'பை' என்று பெயர். எதிராளிக்கு ஓசியில் ஓட்டம். சமையல்கட்டு வேலையும் இதுதானே என்று யூனிஸ் நினைத்துக்கொண்டாள். தினமும் பதமாக வடிக்கிற சோற்றைப் பற்றி யார் பேசுகிறார்கள்? என்றைக்காவது குழைந்தால்தான் பேச்சு.

தயாளனுக்குப் பல்லாவரம் பக்கத்தில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. கம்பெனிக்கு ஒரு கிரிக்கெட் டீம். டீமில் அவன் கீப்பர். குடியிருப்பு சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் ஒரு வாடகை வீடு. லீக் மேட்செல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். அங்கேதான் சிக்கல்.

தயாளனின் அக்கா ஞானசௌந்தரி சேலையூரில் டீச்சர். சர்ச்சுப் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான். தம்பி விடிகாலை ஆராதனைக்கு வந்துவிட்டு, பிரசங்கம் முடிந்ததும் முடியாததுமாக ரயிலைப் பிடிக்க ஓடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் சர்ச்சு வாசலில், நாலு பேர் கேட்கும்படியாகவே ஆரம்பித்தாள்.

"ஆண்டவருடைய நாள்ல பந்து பொறுக்கப் போறான் என் தம்பி. நீயாவது சொல்லக் கூடாதா யூனிஸ்?"

"எதுக்கு அண்ணி சொல்லணும்? ஞாயித்துக்கெழம இந்தச் சர்ச்சுல இருக்கிற எல்லாரையும் விட அவருதான் அதிகமா முழங்கால் மடக்குறாரு. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தடவ. நீங்க கணக்குப் போட்டுப் பாருங்க."

பாடகர் குழுவில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஞானசௌந்தரி அதற்குப் பிறகு ஒரு மாதம் இவர்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. யூனிஸுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

1968 தொடக்கத்தில் கம்பெனி தயாளனை இங்கிலாந்துக்கு அனுப்பியது. கிரிக்கெட்டுக்காக இல்லை. புது பம்பு ஒன்றின் வேலையைக் கற்றுக்கொண்டு வர, லங்காஷயரில் கூட்டாளிக் கம்பெனி ஒன்றில் பயிற்சி. ஆனால் அந்தச் சின்ன ஊரிலும் சனிக்கிழமை ஆனால் கிரிக்கெட். அவர்களுடைய கீப்பருக்கு முதுகுவலி. தயாளன் கையுறையோடுதான் கப்பலேறியிருந்தான். உள்ளே விட்டுவிட்டார்கள்.

முதல் மேட்சில் மானம் போயிற்று. நம்மூரில் முக்கால்வாசி மைதானத்தில் தென்னை நார்ப் பாயை விரித்து ஆணி அடித்துத்தான் ஆட்டம். மேட்டிங் என்பார்கள். அதில் பட்ட பந்து சீறிக்கொண்டு நெஞ்சுக்கு எழும்பும். கீப்பரும் அதோடு சேர்ந்து சட்டென்று எழுந்தாக வேண்டும். அங்கேயோ ஈரப் புல்தரை. பந்து எழும்பவே இல்லை. பழக்க தோஷத்தில் தயாளன் எழ, பந்து அவன் காலிடுக்கு வழியாகப் போய் எல்லையில் நின்றது. பை, பை, பை. வேலிக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்களாம்.

"இங்கே பந்து நம்ம பேபியின் எருமை மாதிரி, ஈரத்தைக் கண்டால் படுத்துக்கொள்கிறது" என்று ஏர்மெயிலில் எழுதியிருந்தான்.

பேபி பக்கத்து வீட்டுக்காரி. ஏரிக்கரையில் மூன்று எருமைகள் வைத்துப் பால் ஊற்றுகிறவள். யூனிஸ் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் பேபிக்குப் பெருமை தாங்கவில்லை.

"எம் மாட்ட பத்தி லண்டன்ல பேசிக்கினு கீறாங்களாக்கா!"

அங்கே தயாளன் வீம்பாக எழாமல் இருக்கப் பழகினான். ஆலை முடிந்து சாயங்காலம் தனியாக, ஒரு செங்கல் சுவரில் ஈரப் பந்தை எறிந்து எறிந்து, பந்து கைக்கு வந்து சேரும்வரை பிட்டத்தைத் தூக்காமல் இருக்க முழங்காலுக்குச் சொல்லிக்கொடுத்தான். அடுத்த கோடையில் அந்த ஊர்க்காரர்கள் அவனை விட மனமில்லாமல் கம்பெனிக்கே எழுதிப்போட்டார்கள். "இங்கேயே இருந்துவிடலாமா, நீயும் வருகிறாயா?" என்று தயாளன் கேட்டிருந்தான். "துவைத்த துணி நாலு நாள் காயாத ஊரில் எனக்கு என்ன வேலை? முடித்துக்கொண்டு வாருங்கள்" என்று யூனிஸ் பதில் போட்டாள். வந்துவிட்டான்.

வந்தவன் கையுறைக்குள் கறித்துண்டு வைக்க வேண்டும் என்றான். பழைய இங்கிலீஷ் கீப்பர்கள் உள்ளங்கை நோகாமல் இருக்க அப்படிச் செய்வார்களாம்.

"கொழம்புக்கே எலும்பா போடுறான் கடைக்காரன். உங்க கையுறைக்கு நல்ல கறியா? பழைய பனியன் இருக்கு, மடிச்சு வெச்சுக்குங்க" என்றாள். பனியன் போதுமானதாக இருந்தது.

ஆனால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நம்மூர் மேட்டிங்கில் முதல் மேட்ச். தயாளன் இங்கிலாந்து பாணியில் குத்தவைத்தபடியே இருக்கிறான். பந்து நார்ப் பாயில் பட்டு எகிறி வாயில் வந்து விழுந்தது. உதடு கிழிந்தது. அடுத்த மேட்சில் தோளுக்கு மேலே இரண்டு கேட்ச் போயிற்று. மூன்றாவதில் எத்தனை என்று அவன் வீட்டில் சொல்லவே இல்லை. முன்பு எழுந்ததால் மானம் போயிற்று, இப்போது எழாததால் போகிறது. "லண்டன் போய்ட்டு வந்து கெட்டுப்போய்ட்டாரு" என்று கான்டீனில் பேசினார்கள்.

டீம் கேப்டன் ஸ்ரீநிவாசராகவன்தான் கம்பெனியில் பர்சனல் ஆபீசரும். கெட்டவர் இல்லை. ஆனால் முடிவெடுத்த பிறகுதான் ஆளைக் கூப்பிட்டுக் கலந்து பேசுகிறவர். தயாளனை அறைக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஸ்ரீரங்கன் என்று ஒரு இளம் பேட்ஸ்மேன், கீப்பிங்கும் செய்வான், இனி அவன் கீப் செய்யட்டும். பங்குனியில் ஃபைனல். அதில் தயாளன் ஃபீல்டராக ஒரு மேட்ச் ஆடி மரியாதையாக விடைபெறட்டும். அடுத்த வருஷம் டீமுக்கு மேனேஜர்.

"மேனேஜர்னா என்ன பண்ணணும்?" யூனிஸ் தோசைக் கரண்டியோடு நின்று கேட்டாள்.

"எலுமிச்சம்பழம் வாங்கணும். பஸ்ஸுக்குச் சொல்லணும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தயாளன் எழுந்தான். கையுறையைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தான். அப்போது அவனுக்கு வயது முப்பத்தி நாலு. வாழ்க்கையில் அவன் ஆசைப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான், மூன்று குச்சிக்குப் பின்னால் ஆறடி நிலம். அதையும் ஒரு டம்ளர் டீக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். யூனிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோசை கருகிற்று.

"எறக்குங்க அத."

"யூனிஸ், விடும்மா."

"எறக்குங்கன்னா எறக்குங்க. அலமாரி மேல வெச்சா எலி கடிக்கும்."

மறுநாள் சர்ச்சுக்குப் போனாள். சர்ச்சைக் கூட்டிப் பார்த்துக்கொள்கிற வேதசிரோமணி, நடுப்பாதையில் விரித்திருந்த பழைய நார்ப் பாயைச் சுருட்டிப் பின்கட்டில் போட்டிருந்தார். கிறிஸ்மஸுக்குப் புதுப் பாய் வந்துவிட்டது. பழையதை யூனிஸ் கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"புருஷன அடிக்க."

வேதசிரோமணி மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தூக்கிக் கொடுத்தார்.

கொல்லையில் பாயை விரித்து நாலு பக்கமும் ஆணி அடித்தார்கள். கீழே நின்று எறிந்தால் பந்து எழும்பவில்லை. பவுலர் உயரம் வேண்டும் என்றான் தயாளன். யூனிஸ் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துவைக்கிற கல்லின் மேல் ஏறினாள். கையைத் தலைக்கு மேல் சுழற்றி எறிந்தாள். முதல் பந்து கிணற்றில் விழுந்தது. அடுத்தது முருங்கை மரத்தில். அதற்கடுத்தது பாயில் பட்டு எகிறித் தயாளன் காதை உரசிக்கொண்டு போயிற்று. அவன் இன்னும் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தான்.

"எழுந்திரிங்க!"

"எழுந்திரிச்சேனே."

"பந்து போனப்பறம் எழுந்திரிச்சா வழியனுப்பவா? பாய்ல படுறப்பவே எழுந்திரிங்க."

சுவருக்கு மேலே பேபியின் தலை தெரிந்தது.

"இன்னாக்கா, சார கல்லு மேல ஏறி அடிக்கிற? இன்னா தப்பு பண்ணாரு?"

"லண்டன் போய்ட்டு வந்தாரு. அதான் தப்பு. உள்ள வா, ஒரு வேல இருக்கு."

கீப்பருக்கு வெறும் பந்து போதாது. முன்னால் ஒருத்தர் மட்டையைச் சுழற்றிக் கண்ணை மறைக்க வேண்டும். பேபி கையில் ஒரு தென்னை மட்டையைக் கொடுத்து நிறுத்தினார்கள். சுற்று, ஆனால் அடித்துவிடாதே என்று சொல்லியும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. வந்த பந்தையெல்லாம் விளாசினாள். ஒன்று ஏரிக்கே போயிற்று.

"பேபி, அடிக்காதேன்னேன்ல!"

"கைல மட்டய குட்த்துட்டு அடிக்காதன்னா எப்டிக்கா?"

இப்படியே தினமும் காலையில், ரயிலுக்கு முன்னால். தெரு சிரித்தது. ஞானசௌந்தரி செய்தி கேட்டு நேரிலேயே வந்துவிட்டாள். "குடும்பப் பொம்பள கல்லு மேல ஏறி நின்னு பந்து எறியுறாளாம், கூட ஒரு பால்காரியாம். அதுவும் கர்த்தருடைய ஆலயத்துப் பாய்!" என்று வாசலிலேயே நின்றுகொண்டு பேசினாள். யூனிஸ் கல்லை விட்டு இறங்கவில்லை.

"அண்ணி, கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க, பந்து பட்டுடப்போகுது."

அடுத்த பந்தை எறிந்தாள். நார்ப் பாயில் பட்டு அது எகிறியது. தயாளனும் அதோடு சேர்ந்து எழுந்தான், நெஞ்சருகே இரண்டு கையுறைக்குள் 'தப்' என்று அடங்கியது. ஞானசௌந்தரி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பிறகு உள்ளே போய்க் காப்பி போட்டுக் குடித்துவிட்டுப் போனாள்.

முழங்கால் திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஸ்ரீநிவாசராகவன் மாறவில்லை. முடிவு முடிவுதான், விடைபெறும் விழாவுக்குக் கடிகாரம் கூட ஆர்டர் கொடுத்தாயிற்று என்றார். ஃபைனலில் தயாளன் ஃபீல்டர்தான். அன்று காலை கையுறையை வீட்டிலேயே வைத்துவிட்டு அவன் கிளம்பினான். யூனிஸ் அவன் தெரு திரும்பும்வரை பார்த்தாள். புளிசாதக் கூடையின் அடியில் கையுறையை வைத்து, மேலே வாழையிலை பரப்பி, பேபியையும் கூட்டிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் மைதானத்துக்குப் போவது அதுதான் முதல் தடவை.

பட்டணத்தில் பெரிய மைதானம். மேட்டிங் இல்லை, புல்தரை. முந்தின நாள் பருவம் தப்பி ஒரு மழை அடித்திருந்தது. கம்பெனி டீம் நூற்றெழுபது சொச்சம் எடுத்து முடித்தது. சாப்பாட்டுக்குப் பிறகு எதிராளியான பேங்க் டீம் ஆட வந்தது. ஸ்ரீரங்கன் கீப்பர். தயாளனை ரொம்பத் தூரத்தில், அவர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலேயே, எல்லைக் கோட்டருகே நிறுத்தியிருந்தார்கள்.

முதல் ஓவரிலேயே பந்து ஸ்ரீரங்கனின் காலிடுக்கில் போயிற்று. பை. அடுத்த ஓவரில் இன்னொன்று. பாவம், நல்ல பையன். மேட்டிங்கிலேயே வளர்ந்தவன், பந்து படும் முன்னாலேயே எழுந்துகொண்டிருந்தான். ஸ்கோர் போர்டில் ஓசி ஓட்டம் ஏறிக்கொண்டே போயிற்று. ஸ்ரீநிவாசராகவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். தயாளன் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

கடைசியில் ஸ்ரீரங்கனே கையுறையைக் கழற்றினான். எல்லைக் கோடு வரை நடந்து வந்தான்.

"அண்ணா, எனக்கு வரல. நீங்க வாங்கோ."

"கேப்டன் சொல்லணும்ப்பா."

"அவர் சொல்லமாட்டார். நான் சொல்றேனே, போதாதா?"

ஸ்ரீநிவாசராகவன் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மாதிரி தலையை ஆட்டினார். ஸ்ரீரங்கனின் கையுறையில் தயாளனின் கோணல் விரல் நுழையவில்லை. அதற்குள் யூனிஸ் எழுந்துவிட்டாள். புளிசாதத்தைப் பேபி மடியில் வைத்துவிட்டு, கையுறை இரண்டையும் சேர்த்துக் கட்டி, தலைக்கு மேலே கையைச் சுழற்றி எறிந்தாள். நேராகப் போய் அவன் நெஞ்சில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேங்க் ஆபீசர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தயாளன் போய் உட்கார்ந்தான். பந்து வந்தது. எழுந்தான். பந்து அவனுக்கும் காலிடுக்கில்தான் போயிற்று.

பின்னே? இரண்டு மாதம் கொல்லையில் கத்திக் கத்தி எழ வைத்த முழங்கால் அது. பேங்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 

பேபி கையை நக்கிக்கொண்டே சொன்னாள். "இன்னாக்கா தரை இது, சொதசொதன்னு. எம் மாடு பாத்துச்சின்னா இங்கயே பட்த்துக்கும்."

யூனிஸ் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எல்லைக் கோடு வரை போய் நின்று, கொல்லையில் கத்துகிற அதே குரலில் கத்தினாள்.

"ஏங்க! எழுந்திரிக்காதீங்க! எரும படுக்கிற தரைங்க இது! உக்காருங்க!"

அம்பயர் உட்பட எல்லாரும் திரும்பினார்கள். அத்தனை பெரிய மனிதர்கள் நடுவில் ஒரு பொம்பளை கத்துகிறாளே என்று ஸ்ரீநிவாசராகவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். தயாளன் மட்டும் சிரித்தான். குத்தவைத்தான். அதற்குப் பிறகு எழவே இல்லை.

ஒரு பை போகவில்லை. மட்டை விளிம்பில் பட்டுப் புல்லோடு உரசி வந்த ஒரு பந்தை மண்ணிலிருந்து அரை விரல் உயரத்தில் அள்ளினான். சுழல்பந்துக்குக் காலைக் கோட்டுக்கு வெளியே வைத்த ஒருத்தனை, அவன் திரும்பிப் பார்க்கும் முன் குச்சியைத் தட்டி ஸ்டம்ப் செய்தான். அதைப் பார்த்த பேங்க் கேப்டனே கை தட்டினார். ஆனாலும் கம்பெனி டீம் தோற்றது. கடைசி விக்கெட் ஜோடி எப்படியோ அடித்து முடித்துவிட்டது. முன்னால் போன ஓசி ஓட்டங்கள் மட்டும் இல்லாவிட்டால் கதையே வேறு.

தோற்றாலும் விழா விழாதான். ஷாமியானாவின் கீழ் மேசை, மேசை மேல் மாலை, சுவர்க் கடிகாரம். கடிகாரத்தின் அடியில் பித்தளைத் தகட்டில், 'விடைபெறும் கீப்பர் தயாளன் அவர்களுக்கு' என்று பொறித்திருந்தது. ஸ்ரீநிவாசராகவன் இரண்டு வரி பேசிவிட்டு மாலையை எடுத்தார்.

தயாளன் கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"வேணாம் சார். நான் ரிட்டையர் ஆகலையே."

"மிஸ்டர் தயாளன், எல்லாம் பேசி முடிச்சாச்சு. பேரு கூடப் பொறிச்சாச்சு."

"நீங்க பேசினீங்க சார். நான் டீ குடிச்சேன். அவ்ளோதான்."

இவ்வளவு பேசுவான் என்று யூனிஸே எதிர்பார்க்கவில்லை. ஸ்ரீநிவாசராகவன் ஆதரவு தேடி அவளைப் பார்த்தார். ஆள் பார்க்கத் தெரியாதவர்.

"நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா. பேரு பொறிச்ச கடிகாரத்த நான் என்ன பண்றது?"

"பேரு பொறிச்சா போய்டணுமா சார்? எங்க மாமனார் கல்லறையில அவரு பேருக்குக் கீழ இவருக்கும் எடம் விட்டுத்தான் வெச்சிருக்கு. அதுக்காக இப்பவே போய்ப் படுத்துக்குவாரா?"

முதலில் சிரித்தது ஸ்ரீரங்கன்தான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஸ்ரீநிவாசராகவன் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். அப்புறம் அதைப் பேங்க் கேப்டன் கழுத்தில் போட்டார். ஜெயித்தவருக்குப் போட்டதாக ஆயிற்று.

கடிகாரம் கம்பெனி கான்டீனில் தொங்கியது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் தகட்டைப் படித்துவிட்டு, "யாரு சார் இந்தத் தயாளன், எப்ப ரிட்டையர் ஆனாரு?" என்று கேட்பார்கள். "பின்னாடி இட்லி தின்னுட்டிருக்காரு பாரு. ஞாயித்துக்கெழம மேட்ச் இருக்கு, வந்து பாரு" என்று பதில் வரும். ஸ்ரீரங்கன் பேட்ஸ்மேனாக ஆடி நிறைய ஓட்டம் எடுத்தான்.

இப்படி நாலு சீசன். 1974இல் ஒரு காலை, துவைக்கிற கல்லின் மேல் நின்று யூனிஸ் எறிந்த பந்தைத் தயாளன் பிடித்தான். பிடித்த பிறகு சட்டென்று எழ முடியவில்லை. கையை ஊன்றித்தான் எழுந்தான்.

"போதும் யூனிஸ்" என்றான்.

அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. கல்லை விட்டு இறங்கினாள்.

அன்று கம்பெனிக்குப் போனதும் தயாளன் கான்டீனில் ஏணி கேட்டு வாங்கி, தானே ஏறிக் கடிகாரத்தைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தான். கான்டீன் எண்ணெய்ப் புகை படிந்து, அது மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. யூனிஸ் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தாள். சாவி கொடுத்து நேரத்தைச் சரிசெய்து, அடுப்புக்கு எதிரே மாட்டினாள்.